மெல்லிய சிவப்பு: பினோ நுவாரை ரசிப்பது எப்படி

பினோ நுவாரை முதல்முறை கோப்பையில் பார்ப்பவர்கள் பலர் கேட்பது, "இதில் தண்ணீர் கலந்துவிட்டார்களா?" என்றுதான். கோப்பையைச் சாய்த்துப் பின்னால் ஒரு செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்துகள் தெரியும். மாதுளைச் சாறு அளவுக்குத்தான் சிவப்பு. சிவப்பு ஒயின் என்றால் கருத்து, கெட்டியாக, பல்லில் கறை ஏற்றவேண்டும் என்று பழகியவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடும். கொஞ்சம் பொறுங்கள்.

சிவப்பு ஒயினின் நிறம் திராட்சைச் சாற்றில் இல்லை, தோலில் இருக்கிறது. சாறும் தோலும் சேர்ந்து நொதிக்கும்போதுதான் அது இறங்கும். பினோ நுவார் திராட்சையின் தோல் மெல்லியது. நிறமும் துவர்ப்பும் குறைவு. போதாக்குறைக்குக் கொத்தில் பழங்கள் நெருக்கியடித்து நிற்கும், மழை பிடித்துக்கொண்டால் காற்று புகாமல் அழுகிவிடும். வெயில் கூடினாலோ மணம் போய், வெந்த பழத்தின் ருசி வந்துவிடும். இப்படிப்பட்ட கோபக்காரப் பயிரை அறிவுள்ள எந்த விவசாயியும் தொடமாட்டான் என்றுதான் தோன்றும். ஆனால் குளிர்ந்த இடத்தில், மெதுவாகப் பழுக்கவிட்டால், இது தரும் மணத்துக்கு ஈடாகச் சொல்ல எனக்கு வேறு சிவப்பு ஒயின் இல்லை. குளிரில் சர்க்கரை நிதானமாக ஏறும். புளிப்பு கரையாமல் நிற்கும். மணம் சேர அவகாசம் கிடைக்கும். சர்க்கரைதான் ஆல்கஹாலாக மாறுகிறது என்பதால் அதுவும் எல்லை மீறாது.

பிரான்ஸின் பர்கண்டிதான் இதன் தாய்வீடு. ஆனால் கற்றுக்கொள்ள நான் சொல்லும் இடம் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம், வில்லாமெட் பள்ளத்தாக்கு. 45-வது அட்சரேகையை ஒட்டிய நிலம். கோடையில் நீண்ட பகல், மழையில்லாத வானம். இரவில் பசிபிக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று. இலையுதிர்காலம் பிறந்ததும் மழை திரும்பிவிடும். அந்த மழைக்கு முன் பழம் பழுக்குமா என்பதுதான் ஒவ்வோர் ஆண்டும் அங்கே கேள்வி.

1965-இல் டேவிட் லெட் என்ற இளைஞர் கலிபோர்னியாவிலிருந்து திராட்சைக் குச்சிகளோடு இங்கே வந்தார். டேவிஸ் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பாடம் சொன்னவர்கள், அந்தக் குளிரில் ஒன்றும் தேறாது என்று எச்சரித்தே அனுப்பினார்கள். மறு ஆண்டு அவரும் புதுமனைவி டயானாவும் டண்டீ குன்றுகளின் செம்மண்ணில் அந்தக் கொடிகளை நட்டார்கள். எரிமலைக் குழம்பு உறைந்து, சிதைந்து உண்டான மண் அது. தோட்டத்து மரமொன்றில் பருந்துகள் கூடு கட்டியிருந்ததால் 'ஐரி', அதாவது பருந்துக்கூடு என்று பெயர் வைத்தார்கள். ஒயின் தயாரித்தது மெக்மின்வில் ஊரில், முன்பு வான்கோழி இறைச்சி பதப்படுத்திய ஒரு கட்டடத்தில்.

1979-இல் பாரிஸில் நடந்த ஒரு போட்டியில் ஐரியின் 1975-ஆம் ஆண்டுப் பினோ நுவார், புகழ்பெற்ற பர்கண்டிகளோடு சேர்ந்து முன்வரிசையில் வந்து நின்றது. பர்கண்டியின் பெரிய வணிகரான ரோபேர் துருவான் இதை லேசில் விடவில்லை. 1980-இல் தன் ஊரான போன் நகரில் மறுபோட்டி வைத்தார். அவருடைய 1959 ஷாம்போல் மூசினி ஒயின் முதலிடம், ஐரி இரண்டாமிடம், இடையில் 0.2 மதிப்பெண்தான். சில ஆண்டுகளில் துருவான் குடும்பமே டண்டீ குன்றுகளில் நிலம் வாங்கித் தோட்டம் போட்டது. நடுவர் தீர்ப்பைவிட எனக்கு இந்த நிலப்பத்திரம்தான் பெரிய சான்று. டேவிட் லெட் 2008-இல் காலமானார். அதற்கு முன்பே, 2005-இல், மகன் ஜேசன் பொறுப்பேற்றிருந்தார்.

சரி, பாட்டில் கைக்கு வந்துவிட்டது. முதல் காரியம் வெப்பநிலை. 'சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும்' என்ற விதி குளிர்நாட்டுக் கல்வீடுகளுக்குச் சொன்னது. 30 டிகிரி அறையில் ஊற்றினால் ஆல்கஹால் நெடி மட்டும் மூக்கில் ஏறும், மற்றதெல்லாம் காணாமல் போகும். 13 முதல் 16 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து, ஊற்றுவதற்கு அரைமணி முன்னால், வெக்கையான நாளென்றால் இன்னும் சற்றுப் பிந்தி, வெளியே எடுத்தால் போதும். கோப்பை வயிறு அகன்று, வாய் சற்றுக் குறுகியதாக இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். மிச்ச இடம் மணத்துக்கு.

சுழற்றாமல் ஒருமுறை முகருங்கள், பிறகு சுழற்றி ஒருமுறை. முதலில் வருவது செர்ரி, ராஸ்பெரி போன்ற சிவப்புப் பழங்கள். இந்தப் பழங்களையே பார்த்ததில்லையே என்று கூச வேண்டாம். 'புளிப்பான சிவப்புப் பழம்' என்று மனதில் குறித்துக்கொண்டால் போதும், சரியான பெயர் சொன்னதற்கு யாரும் பரிசு தரப்போவதில்லை. அப்படியே வைத்துவிட்டு இருபது நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். திரும்ப முகரும்போது பழம் பின்னால் போயிருக்கும். காய்ந்த இலை, தேயிலை, காளான், ஈர மண் ஒவ்வொன்றாக வரும். கிராம்பு, வெனிலா நெடி தூக்கலாக இருந்தால் அது பெரும்பாலும் புதிய ஓக் பீப்பாய் கொடுத்தது. ஐரி பெரிதும் பழைய பீப்பாய்களையே நம்புகிற ஆலை என்பதால் அங்கே அந்த நெடி அடங்கியிருக்கும். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால் மட்டும் மேற்கொண்டு முயலாதீர்கள். அது கார்க் கெடுத்த பாட்டில்.

வாயில் வைத்ததும் விழுங்கிவிடாமல் இரண்டு விநாடி நிறுத்துங்கள். நாக்கின் இருபக்கமும் எச்சில் ஊறினால் அதுதான் குளிர்நிலத்துப் புளிப்பு, இந்த ஒயினின் முதுகெலும்பே அதுதான். துவர்ப்பு ஈறில் லேசாகத் தட்டிவிட்டுப் போகும். விழுங்கிய பிறகு மணம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். பலவீனமான ஒயினுக்கும் மென்மையான ஒயினுக்கும் வித்தியாசம் தெரிவது இங்கேதான்: முன்னது உடனே மறைந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு, லேபிளில் உள்ள ஆண்டைப் பாருங்கள். பல ஊர்த் திராட்சையை வாங்கிக் கலக்கும் பெரிய நிறுவனம் எல்லா ஆண்டையும் ஒரே ருசிக்குக் கொண்டுவந்துவிடும். சொந்தத் தோட்டத்தை மட்டும் நம்பும் சிறு குடும்பத்துக்கு அந்த வசதி கிடையாது. 2011-இல் ஒரிகனில் குளிர் நீங்காமல், அறுவடை நவம்பர் வரை இழுத்தது. அந்த ஆண்டு ஒயின்கள் ஒல்லியாக, புளிப்பு முன்நிற்க இருக்கும். 2015 வெப்பமான ஆண்டு. பழம் முழுசாக, சதைப்பற்றோடு வந்தது. 2020 செப்டம்பரில் காட்டுத்தீயின் புகை பள்ளத்தாக்கை மூடியது. புகை தோலில் ஒட்டும், சிவப்பு ஒயினோ தோலோடு நொதிப்பது. ஆகவே சில ஆலைகள் அந்த ஆண்டுப் பினோ நுவாரே வேண்டாமென்று விட்டுவிட்டன. 'நல்லதா, சுமாரா' என்று மதிப்பெண் போடுவதைவிட 'அந்த ஆண்டு வானம் எப்படி இருந்தது' என்று கேட்டுக்கொண்டு குடிப்பது எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது. அதற்காகக் 'குடும்ப ஆலை' என்ற சொல்லுக்கே மயங்கிவிடவும் வேண்டாம். சின்ன இடத்திலும் அலட்சியமாகச் செய்தது உண்டு.

சாப்பாட்டில் ஒரிகன்காரர்கள் சேர்ப்பது சால்மன் மீன், காட்டுக் காளான், வாத்து. நம் சமையலில் காரக்குழம்பும் வறுவலும் இதை அமுக்கிவிடும். காரம் குறைத்து, மிளகு மட்டும் தட்டிப்போட்டு வெண்ணெயில் வதக்கிய காளான் சரியாகப் பொருந்தும்.

வாங்கும்போது ஒரே ஆலையின் விலை உயர்ந்த தனித்தோட்ட ஒயினுக்கு முதலில் போக வேண்டாம். அதே பணத்தில் அவர்களுடைய சாதாரண 'வில்லாமெட்' லேபிளில் இரண்டு வெவ்வேறு ஆண்டுகளை வாங்கி, ஒரே மாலையில் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளும் கொஞ்சம் ருசியுங்கள். முதல்நாள் முறுக்கிக்கொண்டிருந்த பாட்டில் சிலசமயம் அன்றுதான் இளகிவரும்.