ஆடும் புலியும் அயலாரும்

போன மே விடுமுறை. தேவகோட்டை வீட்டின் வளவில் பிள்ளைகள் ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்து வேற்றுக் கிரகத்து இனம் ஒன்றைப் படைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஆறு முகப் பகடை இரண்டு, கோடு போட்ட நோட்டு ஒன்று, ஒரு தட்டில் கைமுறுக்கு. என் தங்கை மகள் தான் எழுதியதை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள்: “உடம்பு, பூச்சி மாதிரி. கால் எட்டு, கை ரெண்டு. தொழில், வட்டிக்குக் கொடுக்கிறது. குணம், எல்லாரும் கருமி.” ஆட்டத்தை நடத்துகிறவன் நான். “சரி, அடுத்தது?” என்றேன்.

தூணில் சாய்ந்திருந்த அப்பத்தா அதுவரை எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. “பர்மாவுல நம்மளையும் இப்படித்தான் எழுதுனாகளாம். எங்க அப்பச்சி சொல்லுவாக,” என்றார். அவ்வளவுதான். பாக்குவெட்டியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். தங்கை மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். “நாமல்லாம் கருமியா, அம்மான்?” எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆளுக்கொரு பாத்திரமாகி, பேசிப் பேசியே கதையை நகர்த்தும் மேசை ஆட்டம் இது. ஒருவர் நடத்துவார். என்ன ஆகும் என்று தெரியாத இடத்தில் பகடை உருளும். விண்வெளிக் கதைகளுக்கு இதில் அகலப் பாதை போட்டது, மார்க் மில்லர் எழுதி 1977-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டிராவலர்’. அதற்கு முன்னும் பின்னும் வந்த இத்தகைய ஆட்டங்களில் ஆசிரியர்கள் படைத்த வேற்றினங்களை எண்ணி மாளாது. வாங்கிய இனம் பிடிக்காவிட்டால் நாமே ஒன்றைப் படைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு ஆட்டத்தைவிட அதில்தான் ருசி அதிகம்.

அந்த ருசிக்குக் காரணம் உண்டு. டிராவலரில் கக்ரீ என்று ஓர் இனம். குதிரை உடம்பும் நிமிர்ந்த மார்புமாகப் பெரிய உருவம். புல் மேய்ந்து வாழ்ந்த மந்தையிலிருந்து வந்தவர்கள். மந்தை விலங்கு என்ற அந்த ஒரு செய்தியிலிருந்து மற்றதெல்லாம் நூல் பிடித்தாற்போல் வருகிறது. தனித்து விட்டால் நோயில் விழுவார்கள். அடைத்த இடம் ஆகாது, அதனால் அவர்கள் விண்கலம் பெரிய கூடம் போல இருக்கும். எங்கள் வளவில் ஒரு கக்ரீ குடும்பம் நிம்மதியாகக் குடியிருக்கும். வளவை ஒட்டிய அறை ஒன்றுக்குள் போகச் சொன்னால் மூச்சு முட்டிப்போகும். இப்படி யோசிக்கும் பிள்ளைக்கு, தான் வசிக்கும் வீடும் யாரோ ஒருவருடைய உடம்புக்கும் வெயிலுக்கும் பழக்கத்துக்கும் கட்டியது என்பது புரியத் தொடங்குகிறது. இந்தக் கலையின் முதல் பலமாக நான் எண்ணுவது இதைத்தான். அயலாரைப் படைக்கப் போனவன் தன் வீட்டைப் புதிதாகப் பார்க்கிறான்.

இரண்டாவது பலத்தைச் சொல்ல அமெரிக்கா போக வேண்டியதில்லை. திண்ணைக் கல்லிலும் கோயில் மண்டபத் தரையிலும் செதுக்கிக் கிடக்கும் ஆடுபுலி ஆட்டம் போதும். 23 முனை, 3 புலி, 15 ஆடு. புலி தாவி ஆட்டை வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. ஆடுகளை ஒவ்வொன்றாகத்தான் இறக்க வேண்டும், எல்லாம் இறங்கும்வரை ஒன்றும் நகராது. அதனால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று: சேர்ந்து நின்று புலிக்கு வழியில்லாமல் செய்வது. இதில் ஆட்டின் நிறம், காது, குணம் எதுவும் எழுதப்படவில்லை. கையில் இருப்பது புளியங்கொட்டை. ஆனால் பத்து நிமிடம் ஆடு பக்கம் ஆடிப் பாருங்கள், யோசனையே மாறிவிடும். ஒன்றை இழந்து இன்னொன்றைக் காப்பதும், இடைவெளி விடாமல் நிற்பதும், பொறுப்பதும் தானாக வரும். பக்கம் மாறிப் புலியாக உட்கார்ந்தால் அதே ஆள் அவசரக்காரன் ஆகிவிடுவான். ஓர் இனத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. அந்த இனத்தால் எது முடியும், எது முடியாது என்ற விதியில் இருக்கிறது அது. தோலின் நிறத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. முப்பது பக்க இன வரலாறு எழுதி வைத்துவிட்டு, மேசையில் அந்த இனத்தை எடுத்தவன் சாதாரண மனிதனைப் போலவே பேசி, சண்டை போட்டு, வீட்டுக்குப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எழுதியது ஒன்றும் அவன் கையில் வந்து சேரவில்லை.

அயலாரைச் சந்திக்கும் காட்சிக்கும் நமக்கு நல்ல முன்னோர் உண்டு. மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் கப்பல் உடைந்து நக்க சாரண நாகர் நாட்டில் கரை ஒதுங்குகிறான். அவர்கள் மனிதரைத் தின்பவர்கள். சாதுவன் வாளால் பிழைக்கவில்லை, அவர்கள் மொழி தெரிந்ததால் பிழைக்கிறான். தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் தர, மறுக்கிறான். வாக்குவாதம் நடக்கிறது. அதன் முடிவு என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்தி வைக்கும். உன் அறம் முழுவதும் எங்களால் ஆகாது, எங்களால் முடிந்ததைச் சொல் என்கிறான் தலைவன். கப்பல் உடைந்து வருகிறவர்களைக் கொல்லாதே, மூத்துத் தானாகச் செத்த விலங்கைத் தவிர வேறு ஊன் உண்ணாதே என்று இறங்கி வருகிறான் சாதுவன். இரண்டு உலகம் ஒரு நடுவிடத்தில் ஒப்பந்தம் போடுகின்றன. விண்வெளிக் கதை நடத்தும் எவரும் இந்தக் காட்சியை அப்படியே மேசையில் வைக்கலாம். கதை வணிகன் பக்கம் நின்று சொல்லப்பட்டது என்ற குறை உண்டு, நாகர் எதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதற்கு அங்கே இடமில்லை. ஆனால் அவர்கள் தலைவனுக்கு யோசிக்கவும் மறுக்கவும் பேரம் பேசவும் வாய் இருக்கிறது. பின்னாளில் அச்சான ஆட்ட நூல்கள் பலவற்றில் அந்த வாய் கிடையாது.

இங்கே குறைக்கு வருகிறேன். பரவலாகச் சொல்லித் தரப்படும் வழி இதுதான்: மனிதக் குணம் ஒன்றை எடு, அதைப் பெரிதாக்கு, ஓர் இனம் முழுவதற்கும் பூசு. 2010-இல் கெவின் கிராஃபர்ட் வெளியிட்ட ‘ஸ்டார்ஸ் வித்தவுட் நம்பர்’ நூல் இதை ‘லென்ஸ்’ என்றே அழைக்கிறது. அவசரத்துக்கு உதவும், அதை மறுக்கவில்லை. ஒரு மாலை ஆட்டத்துக்குள் ஓர் இனம் மனதில் பதிய வேண்டுமென்றால் ஒரு கோடு அழுத்தமாகத்தான் இருக்க வேண்டும். 1963-இல் வந்த ‘கலை அரசி’ படத்து வேற்றுலகத்தாருக்கும் ஒரே கோடுதான்: அறிவியலில் தேர்ந்தவர்கள், கலை இல்லாதவர்கள். அந்தப் படத்தில் அது ஒரு குறையாக இருந்ததால் அவர்களைப் பூமிவரை ஓட வைத்தது, பாடகியைத் தூக்கிப்போக வைத்தது. குறை கதையை நகர்த்தும். குணமாக எழுதிவிட்டால் கதை அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது.

அதிலும் வணிகர்களை எழுதும்போது கை எப்போதும் ஒரே பக்கம்தான் போகிறது. 1982-இல் வந்த ‘ஸ்டார் ஃப்ரான்டியர்ஸ்’ ஆட்டத்தில் வ்ரஸ்க் என்ற பூச்சியினம் எட்டுக் காலோடு வணிக நிறுவனங்களாகவே கூடி வாழ்கிறது. அது பரவாயில்லை, அவர்களிடம் ஒழுங்கும் கலை ஈடுபாடும் உண்டு. 1987-இல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் நுழைந்த ஃபெரங்கிகள்தான் மோசம். பெரிய காதும் கூரிய பல்லும் லாப வெறியுமாக, யூதர்களைப் பற்றிய பழைய ஐரோப்பியக் கேலிச் சித்திரத்தின் சாயல் இருக்கிறது என்று குரல் எழுந்தது. அந்தப் பெயர் நம் ‘பரங்கி’தான். கிழக்கத்தி மக்கள் கப்பலில் வந்த ஐரோப்பிய வணிகனுக்கு வைத்த பெயர், நூற்றாண்டுகள் கழித்து வேற்றுக் கிரகத்து வணிகன் பெயராகத் திரும்பி வந்திருக்கிறது.

அப்பத்தா சொன்னது இந்த இடத்தில்தான் தைக்கிறது. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் 13-இல் 1930-இல், வட்டிக்கடை நடத்திய எங்கள் நகரத்தார் கையில் இருந்தது விளைநிலத்தில் 6 விழுக்காடு. 1938-இல் அது 25 விழுக்காடு. இந்த இரண்டு எண்ணை மட்டும் பார்த்தால் நிலத்தின்மேல் தீராப் பசிகொண்ட ஓர் இனம் என்று எழுதத் தோன்றும், எழுதவும் செய்தார்கள். நடந்தது வேறு. உலகப் பொருளாதாரம் சரிந்து நெல் விலை விழுந்தது, உழவரால் கடனைக் கட்ட முடியவில்லை, ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கடைக்காரருக்கு வேண்டியிருந்தது பணம். ஊரில் வைப்பு வைத்தவர்களுக்கு வட்டியோடு திருப்பித் தர வேண்டிய பணம். பரம்பரை நிலத்தை இழந்த பர்மிய உழவரின் வலியை நான் குறைத்துப் பேசவில்லை, அந்த வலி முழுக்க உண்மை. அந்த எட்டு ஆண்டுகளில் நகரத்தார் ரத்தம் மாறிவிடவில்லை. மாறியது நெல் விலை. ஆடுபுலிக் கட்டத்தில் விதி எப்படி ஆட்டக்காரனை அவசரக்காரன் ஆக்குகிறதோ, அப்படி ஈட்டுப் பத்திரமும் சந்தை விலையும் இரண்டு மக்களை எதிரெதிரே நிறுத்தின. ‘எல்லாரும் கருமி’ என்று நோட்டில் எழுதும்போது இந்த வரலாறு முழுவதும் அழிந்துபோகிறது.

இப்படிக் குணத்தைப் பூசும் பழக்கம் தொழிலோடு நிற்கவில்லை. டிராவலரில் ட்ராயின் என்றோர் இனம். அவர்களுக்குள் ஆறு சாதி: தொழிலாளி, போர்வீரர், நுட்பர், தலைவர் என்று போகும். பிள்ளைகள் வளர்ந்ததும் ஒரு சடங்கில் குறி பொறித்த காசுகளைப் போட்டுச் சாதி குறிப்பார்கள். பிறகு உடம்பே அந்தச் சாதிக்கேற்ப மாறி வளரும். கற்பனை என்ற அளவில் இது பிரமாதம். அந்தக் காசுகளைச் சோழிகளாக நினைத்துப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. ஆனால் நம் ஊரில் உட்கார்ந்து இதை ஆடும்போது ஒன்று உறுத்துகிறது. தேவகோட்டைக்குப் பக்கத்திலேயே கண்டதேவி இருக்கிறது. தேர் வடத்தை எல்லாச் சாதியாரும் சமமாகப் பிடிக்கலாமா என்ற பிணக்கில் தேர் ஆண்டுக்கணக்கில் நிலையை விட்டு நகரவில்லை. நீதிமன்றம் தலையிட்டு 2024 ஜூனில்தான் ஓடியது. வடத்தைப் பிடிக்கும் கைகளில் எந்த வேறுபாடும் கிடையாது. யார் பிடிக்கலாம் என்று சொன்னது மனிதர் போட்ட விதி, காவல் நின்றதும் மனிதர். சாதியை உடம்பிலேயே எழுதிவிட்டால் அந்த வழக்குக்கே இடமில்லாமல் போகிறது. ட்ராயின் பாத்திரம் ஆடுகிறவன் தன் சாதியை எதிர்த்துக் கேட்க வாயே இல்லை. நான் நடத்தும் ஆட்டத்தில் இதை மாற்றிவிட்டேன்: காசு விழும், உடம்பு மாறாது. மறுநாளே ஒரு பையன் சடங்கிலிருந்து தப்பி ஓடுவதாகச் சொன்னான். கதை அங்கேதான் பிடித்தது.

பெரிய நிறுவனங்களும் இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன. 2022 ஆகஸ்டில் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வெளியிட்ட ‘ஸ்பெல்ஜாமர்’ நூலில் ஹடோசி என்ற குரங்கினத்துக்கு ஒரு பூர்வகதை இருந்தது. ஒரு மந்திரவாதி அவர்களைப் பிடித்து, மருந்து கொடுத்து அறிவூட்டி, விற்கத் திட்டமிடுகிறான், பிறகு அவனுடைய சீடர்கள் அவர்கள் தப்ப உதவுகிறார்கள். கறுப்பின மக்கள் அடிமைப்பட்ட வரலாற்றின் கேலி எதிரொலி என்று கண்டனம் கிளம்பியது, செப்டம்பரில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கியது. சரியான முடிவு. குரங்கு முகத்தோடு அந்தக் கதையைச் சேர்த்ததே ஒரு தவறு. அதற்கும் ஆழத்தில், அறிவு கொடுத்தவன் ஒருவன், விடுதலை கொடுத்தவன் இன்னொருவன், அந்த இனம் தானாகத் தொடங்கியது ஒன்றுமில்லை என்பது எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது.

எதிர்ப்பக்கத்துக்கு எம்.ஏ.ஆர். பார்க்கர். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மொழிகள் கற்பித்தவர். அவருடைய டெக்குமெல் உலகம் 1975-இலேயே ஆட்டமாக வெளிவந்தது. அதில் சூ, ஹ்ளூஸ் என்ற இரண்டு இனங்கள் மனிதரைக் கண்டாலே கொல்லத் துடிக்கும். ஏனென்றால் அது அவர்களுடைய கிரகம். மனிதர் வந்து காற்றையும் மண்ணையும் தமக்கேற்ப மாற்றி, அவர்களை ஒரு மூலைக்குத் தள்ளினார்கள். பகைக்கு ஒரு காரணம், காரணத்துக்கு ஒரு நியாயம். இதைவிட நன்றாக எதிரி இனத்தைப் படைத்தவர்கள் குறைவு. அதே பார்க்கர்தான் 1991-இல் புனைபெயரில் நாஜிகளைப் போற்றும் ஒரு நாவல் எழுதினார் என்பதை, அவர் படைப்புகளைக் காக்கும் அறக்கட்டளையே 2022-இல் ஒப்புக்கொண்டது. படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. சூ இனத்தின் வலியை அத்தனை நுட்பமாக எழுதிய கை இது. அயலாரைப் படைக்கும் ஆற்றல் மனத்தை விரிக்கும் என்று மேலே சொன்னேன். விரிக்கும் என்ற உறுதி அதில் இல்லை என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படியானால் உடம்பை எழுதவே கூடாதா? கூடாது என்றால் எல்லா இனமும் முகமூடி போட்ட மனிதர் ஆகிவிடும். 2006-இல் வந்த ‘கர்ப்ஸ் ஸ்பேஸ்’ நூல் பகடையை உருட்டி வாழிடம், உணவு தேடும் முறை, கால்கள், புலன்கள் எல்லாவற்றையும் முடிவுசெய்யச் சொல்கிறது. அது வரை மிக நல்ல வழி. பிறகு அவற்றிலிருந்தே இனத்தின் மனப்போக்கையும் வருவிக்கச் சொல்கிறது. அங்கே நான் நிறுத்திக்கொள்வேன். உடம்பு ஒரு சிக்கலைக் கொடுக்கட்டும். அந்தச் சிக்கலை ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கட்டும். அந்த வேறுபாட்டில்தான் ஆட்டக்காரன் நுழைய இடம் இருக்கிறது.

அன்று தங்கை மகளுக்கு நான் இதையெல்லாம் சொல்லவில்லை. “நம்ம வீட்டுல என்னென்ன விதி இருக்கு, அதை எழுதிப் பாரு,” என்றேன். அப்பத்தாவிடம் போய்க் கேட்டுக் கேட்டு எழுதினாள். வெளிநாட்டுக் கடைக்குப் போன ஆளுக்கு மூன்று ஆண்டுத் தவணை, முடிந்ததும் கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்ப வேண்டும். நகரத்தாருக்கு ஒன்பது கோயில், ஒரே கோயிலுக்குள் பெண் எடுப்பதில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி, கோயில் வரி புள்ளிக் கணக்கில்தான். துணையை இழந்தவர் அரைப்புள்ளி. ‘கருமி’ என்ற சொல்லை அடித்துவிட்டாள். புதிதாக ஒரு விதி சேர்த்தாள்: கடன் கொடுத்தால் எழுத வேண்டும், எழுதாத கடனைத் திருப்பிக் கேட்க முடியாது.

மறுநாள் சாயங்காலம் ஆடினோம். அவள் பாத்திரம், எட்டுக் கால் கடைக்காரி, தவணை முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, கலம் பழுதான ஒரு மனிதப் பயணி வந்து கடன் கேட்டான். கொடுத்தாள். எழுதவில்லை. மற்ற நான்கு பேரும் கத்தினார்கள்: “எழுதலைன்னா போச்சுல்ல! கணக்கு எப்படி முடிப்பே? எப்படி ஊருக்குப் போவே?”

“அவ அரைப்புள்ளி,” என்றாள் தங்கை மகள். “அவளுக்கு ஊருக்குப் போக ஆசையில்ல.”

யாரும் பகடையைத் தொடவில்லை. அப்பத்தா பாக்குவெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். “எம்புட்டுக் குடுத்தா?” என்று கேட்டார்.