கானமனின் நான்காம் அத்தியாயம்

மனிதச் சிந்தனையின் விரைந்த போக்கையும் ஆறிய போக்கையும் விளக்கி டானியல் கானமன் 2011 இல் வெளியிட்ட நூலின் நான்காம் அத்தியாயம் மறுவாசிப்பை வேண்டிநிற்கின்றது. முதுமையை நினைவூட்டும் சொற்களால் வாக்கியம் அமைத்த மாணவர் தம்மையறியாது நடை தளர்ந்தனர் என்பது போன்ற முடிவுகளை நம்பாதிருத்தல் இயலாது என அவர் அங்கு வற்புறுத்துகின்றார். 2012 இல் பெல்ஜிய ஆய்வாளர் அப்பரிசோதனையை மீளச் செய்து, நடைவேகத்தைக் கருவியால் அளந்தபோது அவ்விளைவு தோன்றவில்லை. தளர்வை எதிர்பார்த்த பரிசோதகர் முன்னிலையிலேயே அது தலைகாட்டிற்று. சிறு மாதிரிகளைப் பெரிதும் நம்பும் மயக்கம் புள்ளிவிபரம் பயின்ற உளவியலாளரிடமும் உண்டென 1971 இலேயே அமொஸ் ற்வேர்ஸ்கியுடன் இணைந்து காட்டியவர் இவரே என்பது மனங்கொள்ளத்தக்கது. 2017 இல் அவர் தம் தவறை வெளிப்படையாக ஏற்றமை ஆய்வுலகில் அரிதான நேர்மை. ஆயினும் வாசகர் கையிலுள்ள 2011 ஆம் ஆண்டுப் பிரதியில் அவ்வத்தியாயம் பழைய உறுதியுடனேயே பேசுகின்றது.