நூலகச் சொற்றொகுதி இணையச் சேவையும் தமிழ்ப் பெயர்களும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஒரு நூல் எப்பொருள் பற்றியது, அதனை இயற்றியவர் யார் என்பவற்றை மாறாத சொல்லால் குறிப்பதற்காக நூலகங்கள் வரையறுத்த தலைப்புகளைக் கையாளுகின்றன. அவற்றுள் உலக அளவில் பெருவழக்குப் பெற்றது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புப் பட்டியலாகும். 1898இல் தொடங்கப்பெற்ற இப்பட்டியல் 2009இல் இணைத்தரவுச் சேவையாக இணையத்தில் வெளியிடப்பெற்றது. ஆள்பெயர்ப் பட்டியலும் பின்னர் அதனோடு சேர்ந்தது. அந்நூலகத்தின் புதுதில்லி அலுவலகம் 1960களிலிருந்து தமிழ் நூல்களையும் திரட்டி வருவதால், தமிழாய்வாளர்க்கும் இச்சேவையோடு நேரடித் தொடர்பு உண்டு. இதனைப் பயன்படுத்துவோர் அறிந்துள்ள இடர்ப்பாடுகளையும் அவற்றுக்குரிய மாற்றுவழிகளையும் தமிழ் நோக்கில் மதிப்பிடுவதாக இக்கட்டுரை அமைகிறது.

தொடர்த் தலைப்புகள்

இச்சேவையில் ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் எண்ணும் நிலையான முகவரியும் உள்ளன. தலைப்பின் சொல்வடிவத்தை அளித்தால் முகவரி கிடைக்கும். வடிவம் பொருந்தாவிடின் ‘இல்லை’ என்னும் விடையே வரும்.

தமிழ்க் கவிதை, 1500 வரை, வரலாறும் திறனாய்வும் என்னும் மூன்று உறுப்புகள் கொண்ட தலைப்பை எடுத்துக்கொள்ளலாம். நூற்பட்டியல்களில் இவ்வுறுப்புகள் இரட்டைச் சிறுகோட்டால் இணைக்கப்பெறுகின்றன. சில பட்டியல்கள் கோட்டின் இருபுறமும் இடைவெளி விடுகின்றன. சில இறுதியில் முற்றுப்புள்ளி இடுகின்றன. இவற்றை நீக்கிய பின்னரே வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவினும் எல்லாத் தொடர்களுக்கும் தனிப்பதிவு இருப்பதில்லை. பொதுவான உட்பிரிவுகளைப் பட்டியலாளரே விதிப்படி சேர்த்துக்கொள்ளலாம் என்பதே இதற்குக் காரணம். எனவே தொடர் கிடைக்காதபோது இறுதி உறுப்பை ஒவ்வொன்றாகக் களைந்து மீண்டும் தேடுவது வழக்கமான மாற்றுவழியாகும். இவ்வழி பயன் தருவதே. எனினும் உட்பிரிவை இழந்த தலைப்பு, கவிதை நூலையும் கவிதை பற்றிய திறனாய்வு நூலையும் ஒன்றாக்கிவிடும் என்பது நோக்கத்தக்கது.

எழுத்துப்பெயர்ப்பும் முதலெழுத்தும்

தமிழ்ப் பெயர்களில் சிக்கல் மேலும் ஆழமானது. அமெரிக்க நூலகங்கள் பின்பற்றும் எழுத்துப்பெயர்ப்பு முறை தமிழ் எழுத்தை எழுத்தாகவே பெயர்க்கிறது. ஒலி வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ‘பாரதி’ என்னும் பெயர் இம்முறையில் ஆங்கில நெடுங்கணக்கின் பதினாறாம் எழுத்தில் தொடங்கும். மக்கள் வழக்கிலோ அது இரண்டாம் எழுத்தில் தொடங்குகிறது. சேவையின் பரிந்துரைத் தேடல் தலைப்பின் தொடக்கத்திலிருந்து ஒப்பிடும்போது, முதலெழுத்து பிறழ்ந்தால் பெயர் கண்ணிலேயே படாது. பின்னர்ச் சேர்க்கப்பெற்ற திறவுச்சொல் தேடலும், பதிவில் அவ்வடிவம் மாற்றுப்பெயராக இடம்பெற்றிருந்தால் மட்டுமே துணைபுரியும்.

பெயரைத் தமிழிலேயே தேடலாம் என்றால் அதற்கும் தடையுண்டு. 2008இல் ஆள்பெயர்ப் பதிவுகளில் பிற எழுத்து வடிவங்களைச் சேர்க்கத் தொடங்கியபோது சீனம், அரபு, எபிரேயம், கிரேக்கம், சிரிலிக் முதலியன இடம்பெற்றன. இந்திய எழுத்துகள் இடம்பெறவில்லை. பழைய நூலகக் குறியாக்கத்தில் அவற்றுக்கு இடமின்மையே காரணம். நுட்பத்தின் எல்லை பண்பாட்டின் எல்லையாக மாறிய இடம் இது எனலாம்.

குறியாக்க வேறுபாடுகள்

ழகர, றகர, னகரங்களுக்கு இலத்தீன் எழுத்தின் கீழ்க் கோடு இடப்பெறும். ஒருங்குறியில் இதனை ஒரே குறியாகவும் எழுதலாம். எழுத்து, கோடு என இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. ஒப்பிடுமுன் இருபுறத் தரவையும் ஒரே இயல்வடிவுக்குக் கொணர்தல் இதற்குத் தீர்வாகும்.

தமிழ் வரிவடிவில் இத்தீர்வு பாதி வழிதான் செல்லும். ‘கொ’ என்பதன் இருவகைக் குறியாக்கங்களை இயல்வடிவாக்கம் ஒன்றாக்கும். ஆனால் ‘ஔ’ என்னும் தனியெழுத்துக்கு மாற்றாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டச்சு செய்தால் அதனை ஒன்றாக்காது. ‘ஸ்ரீ’ என்பதன் முதலெழுத்து ஸகரமாகவும், 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரமாகவும் இருத்தல் கூடும்; இவையும் ஒன்றாகா. இவற்றுக்கெனத் தமிழறிந்தோர் தனி விதி வகுத்தல் வேண்டும்.

மாற்றுவழிகளின் எல்லை

இம்மாற்றுவழிகள் அனைத்தும் வடிவத்தைப் பொருத்துவன. பொருளை உறுதிசெய்வன அல்ல. ஔவையார் பெயரின் எழுத்துச் சிக்கலைத் தீர்த்துவிட்டாலும், சங்கப் பாடல்களைப் பாடியவரும் ஆத்திசூடியை இயற்றியவரும் ஒருவரா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அவர்கள் வெவ்வேறு காலத்தவர் என்பதே ஆய்வாளர் கொள்கை. வடிவம் பொருந்தியதென்று ஒரே எண்ணை இருவர்க்கும் இட்டால், பல நூற்றாண்டு இடைவெளி ஒரு நொடியில் அழிந்துவிடும். கிடைக்காமையால் நேரும் பிழையைக் காட்டிலும் தவறாகக் கிடைப்பதால் நேரும் பிழை கொடிது. முன்னது தேடுவோரை நிறுத்துகிறது. பின்னது ஐயமின்றி நடத்திச் செல்கிறது.

இவ்விடத்தில் தமிழ்ப் பதிப்பு மரபு வழிகாட்டுகிறது. உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் சுவடிகளின் பாடவேறுபாடுகளை மறைக்காது குறித்து வைத்தனர். தாம் கொண்ட பாடம் எது என்பது கற்பவர்க்குத் தெரிந்தது. நூற்பட்டியலிலும் மூல வடிவம், திருத்திய வடிவம், பெற்ற எண், இணைத்தமைக்கான காரணம் ஆகிய நான்கும் பதிவாதல் வேண்டும். சேவை முழுப் பட்டியலையும் தரவிறக்க இசைவு தருவதால், பல்கலைக்கழக நூலகங்கள் அதனைத் தம்மிடம் வைத்துத் தமிழ் வடிவங்களை எண்ணோடு சேர்த்துக்கொள்ளலாம்.

முடிவுரை

ஆய்வேடுகளில் ‘இப்பொருள் குறித்து முன் ஆய்வுகள் இல்லை’ என்னும் தொடர் அடிக்கடி இடம்பெறுகிறது. அவ்வின்மை ஆய்வின் இன்மையா, ஓர் எழுத்தின் கீழுள்ள கோட்டின் இன்மையா என்பதைத் தேடிய முறையைக் கூறாமல் அறிய இயலாது. தேடிய வடிவங்களை ஆய்வேட்டில் குறிப்பிடுதல் நெறியாக வேண்டும். சேவையின் குறைகளுள் சிலவற்றை நுட்பவல்லுநர் களைவர். யார் எவர் என்று தெளியும் பணி தமிழ்த் துறைகளுக்கே உரியது.