கம்பி தெரியாத படம்

திருப்பூர் நண்பர்கள் எனக்கு அனுப்பும் பறவைப் படங்களில் பாதிக்கு மேல் கூண்டுப் பறவைகள். பார்த்தால் தெரியாது, அதுதான் வித்தை. லென்ஸைக் கம்பிவலையோடு ஒட்டிவைத்து, துவாரத்தை அகலத் திறந்து, பறவை வலையை விட்டு எட்டிப் போகும்வரை காத்திருந்தால் வலை கரைந்து போகிறது. வெயில் படாத கம்பியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். செல்போனுக்கோ அதுகூட வேண்டாம், வலைக்கண்ணிலேயே லென்ஸ் அடங்கிவிடும்.

கைத்திறனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கிடைப்பது என்ன? ஆஸ்திரேலியாவின் வறண்ட வெளிகளில் கூட்டங்கூட்டமாக அலையும் லவ் பேர்ட்ஸ், பச்சை மங்கலுக்கு முன்னால் சுதந்திரப் பறவை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பச்சைக்கிளி விஷயம் இன்னும் மோசம். அதைக் கூண்டில் வைப்பதே 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கம்பியோடு குற்றமும் படத்திலிருந்து மறைந்துவிடுகிறது.

நாவலாசிரியர் மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996) கறுப்பு வெள்ளையில் எடுத்த காட்டுப் படங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பிராணி இருக்கும் இடமும் அங்கே படத்தில் பேசுகிறது.

ஊருக்குப் பக்கத்திலேயே நஞ்சராயன் குளம் இருக்கிறதே, 2024இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாயிற்றே என்றால், "அங்கே பறவை புள்ளியாகத்தான் விழும்" என்கிறார்கள். விழட்டுமே!

ஒரு நண்பரின் பையன் எடுத்த படத்தில் கம்பி துல்லியம், கிளி வெறும் பச்சைத் தீற்றல். அழித்துவிடச் சொன்னார் தகப்பனார். நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.