மைனியின் ஒரு பல்லும் 117 பற்களும்

மைனிக்கு, அதாவது என் அண்ணன் மனைவிக்கு, பல் உடைந்தது முந்திரிக்கொத்தில். கல்யாண வீட்டிலிருந்து வந்த பலகாரம், நாலைந்து நாள் தூக்குவாளியில் கிடந்து இறுகிப்போயிருந்தது. நாஞ்சில் நாட்டு முந்திரிக்கொத்தைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மேலே வலது பக்கம், கோரைப்பல்லைத் தாண்டி இரண்டாவது பல். உள்ளுக்குள் முன்பே சொத்தை இருந்திருக்கிறது. பின்பக்க ஓரம் அப்படியே பெயர்ந்து நாக்கில் வந்து விழுந்தது. நாகர்கோவிலில் ஒரு கிளினிக்கில் நரம்பை எடுத்து வேர் சிகிச்சை முடித்தார்கள். "கேப் போட்டாத்தான் நிக்கும், இல்லன்னா ரெண்டா பிளந்துரும்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். திரும்பிவரும் வழியில், கொட்டாரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த அம்மாளோ, தனக்குக் கேப் இல்லாமலே எட்டு வருஷமாக ஓடுகிறது என்று வாயைத் திறந்தே காட்டிவிட்டாள்.

"தம்பி, நீதான் எப்பவும் எதையாவது வாசிச்சிட்டுக் கெடக்கியே. வேணுமா வேண்டாமா, ஒத்த வார்த்தையில சொல்லு" என்றாள் மைனி.

நான் பல் மருத்துவன் அல்ல. பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆனால் ஓர் ஆய்வில் எதை எதோடு ஒப்பிடுகிறார்கள், ஒப்பிடுவது நியாயமா என்று பார்க்கத் தெரியும். அந்தக் கண்ணோடு வாசித்தேன்.

அந்தப் பல்லுக்கு ஊர்வழக்கில் தனிப் பெயர்கூடக் கிடையாது. முன்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல் எல்லாம் உண்டு. இடையில் நிற்கும் எட்டுப் பற்களும் பாடப்புத்தகத்தில் மட்டும் முன்கடைவாய்ப்பற்கள். பால்பல் வரிசையில் இவை இல்லை. பால் கடைவாய்ப்பற்கள் விழுந்த இடத்தில் பத்து வயதை ஒட்டி முளைப்பவை. மேல்தாடையில் இதற்கு இரண்டு முகடுகள்: கன்னத்துப் பக்கம் ஒன்று, அண்ணத்துப் பக்கம் ஒன்று. நடுவில் பள்ளம். பள்ளத்தின் முன்னும் பின்னும் இரண்டு முகடுகளையும் சேர்த்துப் பிடிக்கும் எனாமல் விளிம்புகள் இரண்டு. வயல்காட்டில் வளர்ந்தவனுக்கு அவை வரப்பாகத்தான் தெரியும். மெல்லும்போது கீழ்ப்பல்லின் முகடு இந்த இடத்தில் வந்து இறங்குகிறது, விறகில் ஆப்பு இறங்குகிற மாதிரி. முகடுகள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விலகாமல் கட்டிவைத்திருப்பவை வரப்புகள்.

இதை அளந்து காட்டியது 1989-இல் வந்த ஓர் ஆய்வு. ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் என்ற மூவர் செய்தது. எடுத்துக்கொண்டவை 42 பற்கள். எல்லாமே மேல்தாடை இரண்டாம் முன்கடைவாய்ப்பற்கள், மைனிக்கு உடைந்த அதே பல். வேர் சிகிச்சைக்காக மேலிருந்து துளை போட்டதில் பல்லின் விறைப்பு குறைந்தது 5 சதவீதம்தான். பள்ளத்தில் மட்டும் குழி வெட்டியதில் 20. இரண்டு வரப்பையும் வெட்டி முன்னும் பின்னும் திறந்துவிட்டதில் 63. வயலுக்கு நடுவே கிணறு தோண்டினால் வயல் போய்விடாது, வரப்பை இரண்டு பக்கமும் வெட்டினால் போய்விடும். வேர் சிகிச்சை செய்த பல் "செத்துப்போன பல்", காய்ந்து பொரிந்துவிடும் என்ற பழைய நம்பிக்கைக்கு விழுந்த நல்ல அடி இது. பல்லைப் பலவீனமாக்குவது நரம்பு போனதல்ல, சுவர் போனதுதான்.

இந்த ஆய்வை நான் உயர்த்திச் சொல்லக் காரணம் எண்கள் மட்டுமல்ல, செய்த முறை. அவர்கள் எந்தப் பல்லையும் உடைக்கவில்லை. உடையாத அளவுக்குப் பாரம் கொடுத்து, வளைவை அளந்து, ஒரே பல்லில் படிப்படியாக வெட்டிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு பல்லும் தன் பழைய நிலையோடுதான் ஒப்பிடப்பட்டது. பல்லுக்குப் பல் அளவும் வடிவமும் வயதும் மாறும் என்கிற பெரிய இடைஞ்சலை அது ஒரே வீச்சில் தாண்டிவிட்டது.

அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் அந்தப் புத்தியைக் கைவிட்டுவிட்டன. நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். பல் மருத்துவ மேற்படிப்பு மூன்று ஆண்டு. முடிவில் ஆய்வேடு கொடுக்க வேண்டும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையச் சேமிப்பகத்தில் அவை யாரும் வாசிக்கக் கிடைக்கின்றன. நமக்குப் பக்கத்திலேயே குலசேகரத்தில் ஸ்ரீ மூகாம்பிகா பல் மருத்துவக் கல்லூரி, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் காவல்கிணறில் ராஜாஸ் கல்லூரி. இந்தக் கல்லூரி அந்தக் கல்லூரி என்று நான் சுட்டவில்லை. சென்னை முதல் சாவோ பாவ்லோ வரை, பல்லை உடைத்துப் பார்க்கும் இந்த வகை ஆய்வுக்கு ஒரே அச்சுதான்.

அச்சு இப்படி இருக்கும். பல் எடுப்பாக இருக்கும் பிள்ளைகளுக்குக் கம்பி கட்டும்போது இடம் பண்ணுவதற்காக முதல் முன்கடைவாய்ப்பற்களைப் பிடுங்குவது வழக்கம். சொத்தையில்லாத முழுப் பல் குப்பைக்குப் போகிறது. கம்பி கட்டும் துறையின் கழிவு, பல் அடைக்கும் துறைக்கு முதல். அதைக் கழுவி, தைமால் கரைசலிலோ உப்புநீரிலோ போட்டு வைத்து, அக்ரிலிக் கட்டையில் கழுத்துவரை புதைக்கிறார்கள். வேர் சிகிச்சை செய்து, இரண்டு வரப்பையும் வெட்டி, ஒரு கூட்டத்துக்கு வெறும் காம்போசிட் என்ற பல் நிறப் பிசின், ஒன்றுக்கு வேர்க்கால்வாயில் நிறுத்தும் ஃபைபர் போஸ்ட் என்ற தண்டு, இன்னொன்றுக்குப் பாலிஎத்திலீன் நாடா என்று அடைக்கிறார்கள். பிறகு எந்திரத்தில் வைத்து ஓர் எஃகு உருண்டையை நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர், அல்லது அதில் பாதி, என்று மெல்ல இறக்குகிறார்கள். ஒரு கட்டத்தில் 'டக்'. கணினியில் கோடு செங்குத்தாக விழும். எத்தனை நியூட்டனில் விழுந்தது என்று அட்டவணையில் ஏறும். கூட்டத்துக்குப் பத்துப் பல், பன்னிரண்டு பல். ஒரு மத்தியானத்தில் முடியும் வேலை.

வாயில் யாரும் அப்படி மெல்லுவதில்லை. மைனியின் பல் ஒரே அழுத்தில் போகவில்லை. லட்சக்கணக்கான சின்னக் கடிகளில் விரிசல் ஓடி, முந்திரிக்கொத்து அதற்கு முகூர்த்தம் குறித்தது. எந்திரத்தில் கிடைக்கும் எண்களோ, சாதாரண மெல்லுதலில் விழும் பாரத்தைவிடப் பல மடங்கு. எந்த அடைப்பும் தொடவேண்டியிராத உயரத்தில் இரண்டு அடைப்புகளுக்குப் போட்டி வைத்து, ஒன்று ஜெயித்தது என்கிறோம். பல்லுக்குப் பல் வேறுபாடு பெரிதாக இருப்பதால் பத்துப் பல்லில் கிடைக்கும் சராசரியும் ஆடிக்கொண்டே இருக்கும். உடைத்த பல்லை இன்னொரு முறை உடைக்கவும் முடியாது.

இதைவிட எனக்கு உறுத்துவது வயது. எந்திரத்தில் இருப்பது பதினைந்து வயதுப் பிள்ளையின் நோயில்லாத பல். நாற்காலியில் இருப்பது ஐம்பத்தைந்து வயது மைனி. வயதாக ஆக, எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் கண்ணாடிபோல் தெளிந்து இறுகுகிறது, விரிசலைத் தடுக்கும் திறன் குறைகிறது. இது நன்றாக நிறுவப்பட்ட செய்தி. அதற்கு மேல் சொத்தை. அதற்கு மேல் சின்ன வயதில் உமிக்கரி போட்டுத் தேய்த்த தேய்ப்பு. கன்றுக்குட்டியை நிறுத்தி எடை போட்டு, கிழமாட்டுக்கு விலை சொல்லுகிற கதைதான்.

ஆய்வகத்துக்கே நான் விரோதி இல்லை. அதே பிடுங்கிய பற்களை வைத்துச் செய்ததில் வாய்க்கு நேரே உதவுபவையும் உண்டு. சென்னை மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரியில் வேல்முருகன், சந்தியா இருவரும் 2009-இல் வெளியிட்டது அப்படிப்பட்டது. இந்தியரின் கீழ்த்தாடை முதல் முன்கடைவாய்ப்பற்கள் 100. கால்வாய்களில் சாயம் ஏற்றி, அமிலத்தில் சுண்ணத்தைக் கரைத்து, கடைசியில் மெத்தில் சாலிசிலேட்டில் போட்டால் பல் கண்ணாடியாகிவிடும். உள்ளே வேர்க்கால்வாய் எங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது என்று வெறுங்கண்ணில் தெரியும். மெத்தில் சாலிசிலேட் என்றால் வேறொன்றும் இல்லை, முட்டுவலித் தைலத்தில் மணக்கும் அந்தச் சரக்குதான். ஒற்றைக் கால்வாய் என்று நம்பித் திறக்கும் பல்லில் இரண்டாவதும் ஒளிந்திருக்கலாம் என்பதை நம் மக்களின் பல்லிலேயே அது காட்டியது. வடிவத்தைக் கேட்டால் பிடுங்கிய பல் உண்மை சொல்லும். ஆயுளைக் கேட்டால் சொல்லாது.

ஆயுளை வாயில்தான் எண்ண வேண்டும். எண்ணியவர்கள் கொஞ்சப் பேரே. கேப் கட்சிக்காரர்கள் முதலில் நீட்டுவது 2002-இல் அக்விலினோவும் கேப்லனும் அயோவாவிலிருந்து வெளியிட்டதை. வேர் சிகிச்சை செய்த பற்களில் கேப் போடாதவை, போட்டவற்றைவிட 6 மடங்கு வேகத்தில் பிடுங்கப்பட்டன என்பது அதன் கணக்கு. ஆறு என்ற எண் மிரட்டுகிறது. ஆனால் அது பழைய பதிவேடுகளைப் புரட்டி எடுத்த கணக்கு. எந்தப் பல்லுக்குக் கேப் போடுவது என்பதை அங்கே தீர்மானித்தது குலுக்கல் அல்ல. டாக்டரின் கணிப்பும் நோயாளியின் பையும். நிற்காது என்று தோன்றிய பல்லுக்கு யார் பணத்தைப் போடுவார்கள்? கேப் பல்லைக் காப்பாற்றியதா, காப்பாற்றக்கூடிய பல்லுக்கே கேப் போனதா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். எது எவ்வளவு என்று அந்தக் கணக்கில் பிரிக்க முடியாது.

அதே 2002-இல் மன்னோச்சியும் கூட்டாளிகளும் முறையாகப் பிரித்துப் பார்த்தார்கள். 117 பேர், ஆளுக்கொரு முன்கடைவாய்ப்பல். எல்லாப் பல்லிலும் ஃபைபர் போஸ்ட், காம்போசிட். அதில் ஒரு பாதிக்கு மட்டும் மேலே உலோகத்தின்மேல் பீங்கான் ஏற்றிய கேப். மூன்று ஆண்டுகள் கழித்து இரண்டு பாதியும் ஒன்றுபோல் நின்றன. இதை வைத்துக் கேப்பே வேண்டாம் என்று கொடி பிடிக்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: முகடுகள் நிற்கும் பற்களைத்தான் மன்னோச்சி குழுவினர் சேர்த்தார்கள். மூன்று ஆண்டு என்பதும் ஒரு பல்லின் ஆயுளில் சின்னத் துண்டு. 2015-இல் காக்ரேன் அமைப்பு உலகம் முழுக்கத் தேடி, கேப்பா வெறும் அடைப்பா என்று நேருக்கு நேர் சோதித்த ஆய்வுகளைத் திரட்டியபோது, சேர்த்துக்கொள்ளும்படி கிடைத்தது ஒன்றே ஒன்று. இதே 117 பேர். ஆதாரம் போதாது என்று எழுதிவிட்டு எழுந்துவிட்டார்கள். நாள் தவறாமல் கேப் போடும் ஒரு தொழிலுக்கு அடியில் இருக்கும் அஸ்திவாரம் இவ்வளவுதான் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருந்தது.

கனமான இன்னொன்று 2012-இல் ஃபெராரியும் குழுவினரும் வெளியிட்டது. 360 முன்கடைவாய்ப்பற்கள், ஆறு ஆண்டுகள். எல்லாவற்றுக்கும் கேப் உண்டு. கேள்வி, உள்ளே போஸ்ட் வேண்டுமா, எத்தனை சுவர் மிச்சமிருந்தது என்பது. போஸ்ட் உதவியது, அதிலும் ஆயத்தமாக வரும் ஃபைபர் போஸ்ட் கூடுதலாக. ஆனால் எந்த வகையில் கட்டினாலும் சரி, ஒரு சுவராவது மிச்சமிருந்த பல் தோற்பது தெளிவாகக் குறைந்தது. வைத்ததைவிட விட்டுவைத்ததுதான் பேசுகிறது. 1989-இல் அந்த 42 பற்கள் சொன்னதும் இதுவே. இரண்டுக்கும் நடுவில் உடைபட்ட ஆயிரக்கணக்கான பற்கள் இதற்குமேல் பெரிதாக எதையும் சேர்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

கேப் போடப் பல்லைச் சுற்றிலும் ராவ வேண்டும் என்பதை நோயாளிகளிடம் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. எடல்ஹாஃபும் சோரன்சனும் மாதிரிப் பற்களை ராவி எடை போட்டுப் பார்த்தார்கள். முழுக் கேப்புக்காக ராவினால், வெளியே தெரியும் பல்லில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் போய்விடுகிறது. வரப்பைக் காக்கப் போய் வயலையே வெட்டுகிறோம். இரண்டு வரப்பும் ஏற்கெனவே போன பல்லுக்கு இந்த விலை தகும். முகடுகளை மூடாமல் விட்டால் விறகு கதைதான். ஒரு வரப்பும் இரண்டு முகடும் நிற்கும் பல்லுக்குத் தகாது. காம்போசிட்டுக்கும் குறை உண்டு. மன்னோச்சி 2005-இல் வெளியிட்ட ஐந்தாண்டுச் சோதனையில், 219 பற்களில், பழைய வெள்ளி அடைப்பைவிட ஃபைபர் போஸ்டும் காம்போசிட்டும் வேர் பிளப்பதைத் தடுத்தன. ஆனால் ஓரத்தில் மறுபடி சொத்தை வந்தது காம்போசிட்டில்தான் அதிகம். எச்சில் படாமல் ரப்பர் விரிப்புக் கட்டி நிதானமாக அடைக்கிறார்களா என்பது கேப்பா இல்லையா என்பதைவிடப் பெரிய கேள்வியாக இருக்கலாம்.

நம் ஊர்ப் பல்லுக்கு வாயில் எண்ணிய இந்த ஆயுள் கணக்கு ஏன் இல்லை என்றால், மூன்று ஆண்டுப் படிப்பில் ஐந்தாண்டுக் கணக்கை எந்த மாணவனும் எடுக்க முடியாது. எந்திரம் மத்தியானத்தில் முடிவு கொடுக்கும், வாய் கொடுக்காது. ஒருவர் தொடங்கியதை அடுத்த வருஷத்துக்காரர் தொடரும்படி துறை ஒரு பதிவேடு வைத்திருந்தால் போதும்: எந்தப் பல், எத்தனை சுவர், என்ன அடைத்தது, இன்னும் இருக்கிறதா. நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு போன் போட்டால் சொல்லிவிடப் போகிறார்கள்.

மைனியின் எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடியைக் கையில் கொடுத்து வாயையும் பார்க்கச் சொன்னேன். பின்வரப்பு போயிருந்தது. முன்வரப்பு நின்றது. இரண்டு முகடும் நின்றன. பின்னால் கடைவாய்ப்பற்கள் முழுசாக இருந்தன. ஆக, பாரம் முழுவதும் இந்தப் பல் தலையில் இல்லை. ராத்திரியில் பல்லைக் கடிக்கிற பழக்கம் இல்லை என்று அண்ணன் சாட்சி சொன்னான்.

"கேப் இப்ப வேண்டாம் மைனி. போஸ்ட் வைக்கணும்னா வச்சுக்கிடுங்க, காம்போசிட்டுல நல்லா அடைக்கச் சொல்லுங்க. மூணு வருஷத்துக்கு என்கிட்ட ஆதாரம் இருக்கு."

"அதுக்கப்புறம்?"

"உங்க பல்லுதான் ஆதாரம். கேப்ப பின்னாடியும் போடலாம், ராவுனத ஒட்ட வைக்க முடியாது."

மைனி டாக்டரிடம் அப்படியே போய்க் கேட்டிருக்கிறாள். அவரும் கண்ணாடி விட்டுப் பார்த்து, முன்பக்கம் நிற்கிறது, அடைத்தே பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டாராம். சாயங்காலம் வந்து, எக்ஸ்ரே உறையின் மேல் அடைத்த தேதியைப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.