ஓவலில் இரண்டு ஓட்டங்கள்

2011 ஜூன் 28 இரவு கரைத்தீவில் சில பேர் கடலுக்குப் போகாமல் வாடியில் இருந்துவிட்டோம். லண்டன் ஓவல் மைதானத்தில் இலங்கைத் துடுப்பாட்ட வீரர் சனத் ஜயசூரியவின் கடைசிச் சர்வதேச ஆட்டம் அது. ஓய்வை முன்பே அறிவித்துவிட்டுத்தான் இறங்கினார். நெடுநேரம் விழித்திருந்து நாங்கள் பார்த்தது அவருடைய 2 ஓட்டங்கள். இலங்கை இங்கிலாந்திடம் 110 ஓட்டங்களால் தோற்றது. ஒருவரும் எதுவும் பேசவில்லை, படுக்கப் போனோம்.

ஓட்டம் குறைந்ததற்காக வந்த கவலை இல்லை அது. டொன் பிரட்மனே இதே ஓவலில் 1948இல் பூச்சியத்தோடு போனவர். எங்களை வருத்தியது, அந்த இடத்துக்கு சனத் வந்த வழி.

1998இல் அதே மைதானத்தில் 213 அடித்தவர் அவர். முத்தையா முரளிதரன் 16 விக்கெட் எடுத்த அந்த ஆட்டத்தில், இங்கிலாந்து மண்ணில் இலங்கை தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. சிறிய நாட்டுக்காரன் பெரிய நாட்டின் முற்றத்தில் நிமிர்ந்து நின்ற நாள் அது. 445 ஒருநாள் ஆட்டங்கள், 13,430 ஓட்டங்கள், 323 விக்கெட்டுகள் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாடம்போல ஒப்புவிப்பார்கள்.

சனத்தின் ஆட்டம் கால்களில் இல்லை. கண்ணிலும் முன்னங்கையிலும் இருந்தது. ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே சாண் இடம் கிடைத்தால் போயிண்டுக்கு மேலால் வெட்டுவார். காலடிக்கு வந்தால் ஸ்கொயர் லெக்கால் தூக்குவார். காலை நகர்த்தி முறையாக ஆடுபவருக்கு வயது போனாலும் முறை கைகொடுக்கும். கண்ணை நம்பி ஆடுபவருக்கு ஓர் இமைப்பொழுது பிந்தினாலும், பவுண்டரிக்குப் போகவேண்டிய அதே வெட்டு களத்தடுப்பாளரின் கைக்குப் போய்விடும். 2008 ஆசியக் கிண்ண இறுதியில் இந்தியாவுக்கு எதிராக 125. 2009 ஜனவரியில், 39 வயதில், தம்புள்ளையில் மீண்டும் இந்தியாவுக்கு எதிராக 107. அந்தக் கண் அதுவரை பிந்தவில்லை. அதன் பிறகுதான் பிந்தியது. 2010 டி20 உலகக் கிண்ணத்தில் அவர் துடுப்பிலிருந்து ஓட்டமே வரவில்லை.

அந்த ஆண்டு ஏப்ரலில் அவர் மாத்தறையில் ஆளுங்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினராகியிருந்தார். 2011 உலகக் கிண்ண அணியில் இடமில்லை. பிறகு, 42ஆவது பிறந்தநாளுக்குச் சில நாள் இருக்க, இங்கிலாந்தில் ஒரு டி20, ஓர் ஒருநாள் ஆட்டம். எந்த இன்னிங்ஸைப் பார்த்து அந்த இடத்தைக் கொடுத்தார்கள்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அது ஓர் இளைஞனின் இடம்.

நல்ல விடை அவருக்கு முன்பே வாய்த்திருந்தது என்பதுதான் கூடுதல் வலி. 2007 டிசம்பர், கண்டி அஸ்கிரிய. முரளி ஷேன் வோர்னின் 708 விக்கெட் சாதனையைத் தாண்டிய டெஸ்ட். அதிலேயே, ஜேம்ஸ் அண்டர்சனின் ஒரே ஓவரில் ஆறு பவுண்டரி அடித்து, 78 எடுத்து, டெஸ்ட் ஆட்டத்துக்கு விடை சொன்னார் சனத். அணியும் வென்றது. அதைவிட அழகான போக்கு எவருக்குக் கிடைக்கும்?

2011இன் காயம் ஆறுமுன் இன்னொன்று. 2019 பெப்ரவரியில் ஐ.சி.சி. அவருக்கு இரண்டு ஆண்டுத் தடை விதித்தது. ஆட்டநிர்ணயக் குற்றச்சாட்டு அல்ல. ஊழல் தடுப்புப் பிரிவின் விசாரணைக்கு ஒத்துழைக்காதது, அதற்கு இடையூறு செய்தது. அவரே ஒப்புக்கொண்டார். இந்த வித்தியாசத்தை ஊரில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! சொல்லும்போதெல்லாம் என் குரலே இறங்கிப்போகும். ஒளிக்க ஒன்றுமில்லை என்றால் முதல் நாளே ஒத்துழைத்திருக்கலாமே என்று கேட்ட பையனுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

2024 செப்டெம்பரில் அவர் பயிற்சியாளராக இருக்க, அதே ஓவலில் பத்தும் நிசங்க 127 அடித்து ஆட்டமிழக்காமல் நின்று இங்கிலாந்தைத் தோற்கடித்தார். உள்ளபடியே சந்தோஷப்பட்டேன். ஆனால் பயிற்சியாளரின் வெற்றி துடுப்பாட்ட வீரனின் கடைசிப் பக்கத்தைத் திருத்தாது.

தெரிவாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். நாங்கள் நேசிக்கும் ஒருவரைக் கடைசியாக ஒருமுறை அழைக்கும் முன், அவருடைய கடைசிப் பத்து இன்னிங்ஸை எடுத்துப் பாருங்கள். அதில் இடம் இல்லையென்றால் அழைக்காதீர்கள்.