குகைக் கதவும் கண்கட்டும்

மாயமும் மந்திரமும் மலிந்த திரைப்படங்கள் மக்களை, குறிப்பாகச் சிறுவர்களை, ஏன் இத்துணை ஈர்க்கின்றன என்று கேட்டால் நம் சமுதாயத்தில் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: அறியாமை. இவ்விடை எனக்கு நிறைவு தருவதில்லை. வியப்பை நாடும் உள்ளம் திரைப்படத்தால் உண்டானதன்று. நம் முன்னோர் ராகமிட்டுப் படித்த கிஸ்ஸாக்களிலும் படைப்போர் இலக்கியங்களிலும் வியப்புக்குக் குறைவில்லை. அதற்கும் முன்னர், 13ஆம் நூற்றாண்டில், படைப்பின் விந்தைகளைத் தொகுத்து 'அஜாயிபுல் மக்லூகாத்' என்றே ஒரு நூலுக்குப் பெயரிட்டார் கஸ்வீனீ. ஆகவே, வியப்பு வேண்டுமா என்பதன்று கேள்வி. எத்தகைய வியப்பு என்பதே கேள்வி.

எடுத்துக்காட்டாக 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தைக் கொள்வோம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பில் டி.ஆர். சுந்தரம் இயக்க, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து 1956இல் வெளிவந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் அது. அரபுக் கதை என்று நாம் உரிமை கொண்டாடும் இக்கதையைப் பழைய அரபுச் சுவடிகளில் தேடுவோர் ஏமாறுவர். 1709இல் பாரிஸ் நகருக்கு வந்திருந்த ஹலப் நகரத்து மாரோனியக் கிறிஸ்தவரான ஹன்னா தியாப் வாய்மொழியாகச் சொல்ல, அதைக் கேட்டு 'ஆயிரத்தொரு இரவுக'ளின் பிரெஞ்சுப் பெயர்ப்பில் சேர்த்தவர் அந்துவான் கல்லான். அலாவுதீன் கதையும் அவ்வழியே வந்ததுதான்.

இக்கதையில் மாயம் எனத்தக்கது ஒன்றே ஒன்று: சொல்லுக்குக் கட்டுப்படும் குகைக் கதவு. மற்றவையெல்லாம் மனிதச் செயல்கள். திருடர்கள் மனிதர்கள், பொன் கொள்ளைப் பொன், மர்ஜியானாவிடம் இருப்பது மந்திரம் அன்று, கூர்மதி. அந்த ஒரே மாயத்துக்கும் கடுமையான வரம்பு உண்டு. குகைக்குள் பொன்னைக் கண்டு மதிமயங்கிய காசிம் சொல்லை மறக்கிறான், கதவு திறக்கவில்லை, திருடர்கள் வந்துவிடுகிறார்கள். (காசிமாக நடித்தவர் எம்.ஜி.ஆரின் சொந்த அண்ணன் எம்.ஜி. சக்கரபாணி.) பேராசை மனிதனை எப்படி ஊமையாக்குகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட இயலாது.

ஆயினும் மூலக் கதையின் ஒரு நுட்பத்தைத் தமிழ்ப் படம் இழந்துவிட்டது. 'சீசேம்' என்பது மந்திரச் சொல்லே அன்று. அரபியில் ஸிம்ஸிம், நம் எள். பிரெஞ்சு வழியாகவும் ஆங்கிலம் வழியாகவும் உருமாறித் தமிழுக்கு வந்தபோது பொருள் உதிர்ந்து ஓசை மட்டும் எஞ்சியது. ஓசை மட்டும் எஞ்சினால் எச்சொல்லும் மந்திரமாகிவிடும். கல்லானின் கதையில் காசிம் வாற்கோதுமை முதலாகத் தானியங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் தடுமாறுகிறான். மலைபோல் பொன் குவிந்திருக்க, அடுப்பங்கரையில் கிடக்கும் ஒரு தானியத்தின் பெயர் நாவில் வரவில்லை! 'திறந்திடு சீசேம்' நாடெங்கும் பரவிய தொடராயிற்று. அதில் இருந்த எள்ளை எவரும் காணவில்லை.

1957இல் வந்த 'மாயா பஜார்' படத்தில் லட்டுகள் தாமாகவே எழுந்து கடோத்கஜன் வாய்க்குள் புகும் காட்சியை மார்கஸ் பார்ட்லி கணினியின் துணையின்றிக் காமிராவைக் கொண்டே அமைத்தார். இன்றும் அது சலிப்பதில்லை. 2015இல் வந்த 'புலி'யிலோ குள்ள மனிதர்களும் பேசும் பிராணிகளும் இருந்தும், மறந்தால் உயிர்போகும் ஒரு சொல்லைக் காணோம். எதுவும் நிகழலாம் என்ற இடத்தில் எது நிகழ்ந்தாலும் வியப்பில்லை.

இத்தகைய காட்சிகளை ஸிஹ்ர் எனக் கண்டிப்போர் நபி மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை ஊன்றிப் படித்தல் வேண்டும். பிர்அவ்னின் சூனியக்காரர்கள் எறிந்த கயிறுகளும் தடிகளும் ஊர்வனபோல் தோன்றின என்றே திருக்குர்ஆனின் தாஹா அத்தியாயம் கூறுகிறது. உண்மை வெளிப்பட்டதும் ஸுஜூதில் விழுந்தவர்கள் யார்? வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அன்று; அந்தச் சூனியக்காரர்களே. தந்திரத்தின் எல்லையை அறிந்தவர்க்கே தந்திரம் அல்லாததை இனங்காண முடிந்தது. திரைப்படமும் தன் தந்திரத்தை மறைப்பதில்லை. தந்திரக் காட்சிகளை அமைத்தவரின் பெயரை எழுத்திலேயே காட்டிவிட்டுத்தான் மயக்கத் தொடங்குகிறது; பார்ப்பவரும் இசைந்தே மயங்குகிறார், விளக்கு எரிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போகிறார்.

இசைவின்றி மயக்கப்பட்டவர்களை நம் மாவட்டம் கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளர் தங்கியிருந்த தனியார் கொட்டகை ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். சூனியத்தாலும் தீய ஆவிகளாலும் வந்த பிணி, தர்கா மண்ணில் தீரும் என்று நம்பியே குடும்பத்தார் பலர் அங்கு நோயாளிகளைக் கொணர்ந்து விட்டனர்; மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்கள் சங்கிலிக்குப் போனார்கள். அவ்வகைக் காப்பகங்கள் அதன் பின்னர் மூடப்பட்டன. சூனியம் எடுப்பதாகச் சொல்லித் தகடுக்கும் தாயத்துக்கும் விலை பேசுவோர் இன்னும் இருக்கின்றனர். அவர்களுடைய மாயத்தில் எழுத்து ஓடுவதில்லை, விளக்கும் எரிவதில்லை. திரைப்படத்தைக் கண்டித்து நான் கேட்ட ஜும்ஆ உரைகள் பல. இவர்களைக் கண்டித்துக் கேட்டவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.